மலையடிவாரத்தில் ஒரு பெண்கள் கால்பந்து அணி

(போடிநாயக்கனூரில் பெற்றோர்கள், ஆசிரியர்கள், ஏலத்தோட்டக்காரர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பின்வரிசையில் நிற்கிற மாணவிகள் முன்னால் வந்து உட்காருங்கள். இன்று பேசப்போவது உங்களைப் பற்றித்தான்.

2019 மே 22. பஞ்சாபில் லூதியானா நகரம். இந்தியப் பெண்கள் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் மணிப்பூர் போலீஸ் அணி. மணிப்பூர் என்றால் சும்மா இல்லை. தேசிய சாம்பியன் பட்டத்தை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம். மறுபக்கம் சேது எஃப்.சி. மூன்றுக்கு ஒன்று என்று சேது ஜெயித்தது. அந்த அணியின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? விருதுநகர் மாவட்டம் காரியாபட்டிப் பக்கம், புல்லூரில் இருக்கும் சேது பொறியியல் கல்லூரியில். இங்கே ரயில் ஏறினால் மதுரை. மதுரையிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் காரியாபட்டி. இந்தியாவின் பெண்கள் கால்பந்துக் கோப்பை நம் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து இறங்கியது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அதே வருடம் அக்டோபரில் 'பிகில்' படம் வந்தது. பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளராக விஜய் நடித்ததைப் போடித் தியேட்டரிலும் விசில் அடித்துப் பார்த்தோம். நிஜக் கோப்பை அதற்கு ஐந்து மாதம் முன்பே வந்துவிட்டது. அதை வாங்கித் தந்த பயிற்சியாளர் ஒரு பெண், அம்ருதா அரவிந்த். அணியை நடத்தியவர் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். கோல்களை அடித்துக் குவித்தவர் நேபாளத்திலிருந்து வந்த சபித்ரா பண்டாரி. இந்த மூன்று பெயர்களையும் மாணவிகள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக வேலை பார்த்தவள் நான். 'பி.டி. மேடம்' என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். அந்த வேலையில் இருந்து நான் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. பெண்கள் அணி ஒன்று உருவாவதும் உருவாகாமல் போவதும் கிரவுண்டுக்கு வெளியேதான் முடிவாகிறது. விடுதியில் ஒரு கட்டில், ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு முட்டை, இருட்டுவதற்குள் வீட்டுக்கு ஒரு பஸ், படித்து முடித்ததும் ஒரு வேலை. இந்த நான்கையும் ஏற்பாடு செய்கிறவர்தான் பயிற்சியாளர். பந்தை எப்படி உதைப்பது என்பதை அதற்கப்புறம் சொல்லிக் கொடுக்கலாம்.

கடலூரைப் பாருங்கள். 2004 சுனாமி அடித்த கரை அது. அங்கே எஸ். மாரியப்பன் என்கிற பயிற்சியாளர், பாதிக்கப்பட்ட குடும்பத்துப் பெண்பிள்ளைகளையும் அரசு விடுதிப் பிள்ளைகளையும் பந்தாட அழைத்து வந்தார். இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி என்ற பெயரில் அந்த முயற்சி வளர்ந்தது. இந்துமதி அங்கே வளர்ந்தவர். இந்திய அணியின் முன்கள வீராங்கனை சந்தியா ரங்கநாதனும் அரசு விடுதியில் தங்கிப் படித்து அதே மண்ணில் ஆடப் பழகியவர். 2018-ல் ஷில்லாங்கில் நடந்த இந்தியப் பெண்கள் லீக்கின் இறுதிக் கட்டத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் ஏழு அணிகள்தான் போயின. அதில் இரண்டு தமிழ்நாட்டு அணிகள்: ஒன்று சேது, இன்னொன்று கடலூர் அகாடமி. அதே 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் தமிழ்நாடு, மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதன்முறையாக தேசியப் பட்டத்தை வாங்கியது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியாணாவை அதே 2-1 கணக்கில் வென்று இரண்டாம் முறை.

இந்த வெற்றிகள் சென்னையின் பெரிய ஸ்டேடியங்களிலிருந்து மட்டும் வரவில்லை. கடற்கரையோர அரசு விடுதியும் கரிசல்காட்டுப் பொறியியல் கல்லூரியும் சேர்ந்து உண்டாக்கியவை அவை. ஒரு இடம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பிடித்து வளர்த்தது. இன்னொரு இடம் பதினெட்டு வயதில் அவளை வாங்கிக்கொண்டு, லீக் ஆடுகிற அளவுக்கு ஆளாக்கியது. கல்லூரி அணி நடத்துகிறவர்கள் இந்தச் சங்கிலியைக் கவனிக்க வேண்டும். கல்லூரிப் பயிற்சியாளருக்கு வருடா வருடம் ஒரு கஷ்டம் உண்டு: மூன்றாமாண்டு முடித்து அணியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இந்த வருடம் மண்டலப் போட்டியில் ஜெயித்துக் கொடுத்த ஸ்டாப்பர் அடுத்த வருடம் கல்யாணமாகித் திருப்பூரில் இருப்பாள். கீழே ஒரு பள்ளிக்கூடம் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருந்தால்தான் மேலே கல்லூரி அணி நிற்கும். கல்லூரியில் சேர்ந்த பிறகு முதன்முதலாகப் பந்தைத் தொடுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தப் பெரிய பயிற்சியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஓடத் தெரிந்த கபடிப் பிள்ளை, கோகோ பிள்ளை, நானூறு மீட்டர் ஓடுகிற பிள்ளை என்று சேர்த்து ஒரு பதினொன்றைத் தேற்றலாம். கோல்கீப்பரை மட்டும் அப்படித் தேற்ற முடியாது.

வெளிநாட்டில் இதை ஒரு மனிதர் செய்து காட்டினார். அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் ஆன்சன் டோரன்ஸ். அவர் பிறந்தது நம் பம்பாயில், 1951-ல். 1979-ல் அந்தப் பல்கலைக்கழகம் பெண்கள் அணியைத் தொடங்கியபோது பொறுப்பேற்றவர், 2024 ஆகஸ்டில்தான் ஓய்வு பெற்றார். ஒரே அணியோடு நாற்பத்தைந்து ஆண்டு. அதற்குள் அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டம் இருபத்திரண்டு. நடுவிலேயே தேசிய அணியையும் பார்த்துக்கொண்டு, 1991-ல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பையை அமெரிக்காவுக்கு வாங்கிக் கொடுத்தார். தினசரிப் பயிற்சியில் யார் வேகமாக ஓடினாள், மோதலில் யார் பந்தைப் பறித்தாள், யார் எத்தனை கோல் போட்டாள் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, வரிசைப்படுத்தி ஒட்டிவிடுவார். பெண்பிள்ளைகள் ஒருத்தியோடு ஒருத்தி போட்டி போடக் கூச்சப்படுவார்கள் என்ற எண்ணத்தை அந்தப் பட்டியல் உடைத்தது.

ஆனால் அவர் ஒருவரின் திறமையால் மட்டும் அது நடக்கவில்லை. 1972-ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அரசுப் பணம் வாங்குகிற எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் வித்தியாசம் பார்க்கக் கூடாது. விளையாட்டுக்கும் அது பொருந்தியது. கல்லூரிகள் பெண்கள் அணிகளைத் தொடங்கியே ஆகவேண்டிய நிலை வந்தது, உதவித்தொகையும் வந்தது. இன்று அங்கே முதல் நிலைப் பிரிவில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிப் பெண்கள் அணிகள் ஆடுகின்றன. சட்டம் இடம் கொடுத்தது, பல்கலைக்கழகம் காலம் கொடுத்தது. இரண்டும் கிடைத்த பிறகுதான் அவர் அணியைக் கட்டினார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே டோரன்ஸ் தங்களிடம் தகாத முறையில் பேசினார் என்று 1998-ல் அவருடைய முன்னாள் வீராங்கனைகள் இருவர் வழக்குத் தொடுத்தார்கள். பல ஆண்டு நடந்து அது சமரசத்தில் முடிந்தது. நம் நாட்டிலும் 2022-ல் பதினேழு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணி ஐரோப்பாவில் இருந்தபோது, அணியோடு போன உதவிப் பயிற்சியாளர் ஒருவரை முறைகேடான நடத்தைக்காகத் திருப்பி அழைத்து நீக்கினார்கள். வெற்றிப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அது பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. அதனால்தான் பெண்கள் அணிக்குப் பெண் பயிற்சியாளர் வேண்டும், குறைந்தது பயணத்தில் கூடவே ஒரு பெண் மேலாளராவது வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். தாய்மார்கள் இதை நிர்வாகத்திடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

போடியில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டுத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் போகிறார்கள். ஏலச்செடியின் காய் தரையோடு ஒட்டிய சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும்தான் பழம் எடுக்க வேண்டும். சாயந்தரம் அதே ஜீப்பில் திரும்பி, வீட்டுக்கு வந்து உலை வைப்பார்கள். காய் எடுப்பு சீசனில் அம்மா இருட்டோடு கிளம்பினால், மூத்த பெண்பிள்ளைதான் தம்பிக்குச் சோறு கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளையைக் காலை ஆறு மணி பிராக்டிஸுக்கு வா என்று கூப்பிட்டால் அவள் எப்படி வருவாள்? வராதவளை 'ஒழுங்கில்லை' என்று அணியிலிருந்து எடுத்துவிடுகிற பயிற்சியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த கல்லூரி ஒன்றில் அப்படித்தான் நல்ல விங்கர் ஒருத்தியை இழந்தோம். விடுதியில் இடம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். உள்ளூர்ப் பிள்ளைக்கு எதற்கு விடுதி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உள்ளூர்ப் பிள்ளைக்குத்தான் விடுதி வேண்டும். வீட்டில் இருந்தால் வீட்டு வேலை அவளை விடாது.

மலைமேல் கால்பந்து புதிதில்லை. மூணாறில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஃபின்லே ஷீல்டு போட்டி 1940-களிலிருந்து நடந்து வருகிறது. ஒவ்வோர் எஸ்டேட்டுக்கும் ஓர் அணி. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஆட்கள். இறுதி ஆட்டத்துக்கு லயம் லயமாகக் குடும்பத்தோடு வந்து நின்று பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்த பெண்பிள்ளைகளுக்கு என்று அப்படி ஒரு ஷீல்டு இதுவரை வரவில்லை. இந்த மலையின் பெண்களுக்கு ஒன்றுசேரத் தெரியாதா என்ன? 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டு, 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களாகவே சாலையில் உட்கார்ந்து போனஸ் வாங்கியதை நாடே பார்த்தது. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினொரு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்வது எப்படி என்று பாடம் நடத்த வேண்டியதில்லை.

அம்மாக்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். "டீச்சர், காலு கையி ஒடிஞ்சுச்சுன்னா புள்ளைய எவன் கட்டுவான்?" இது முதல் கேள்வி. "வெயில்ல கருத்துப் போவாளே" என்பது இரண்டாவது. "அரை டவுசரா போடணும்?" மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு நீளக் காலுறையும், தேவைப்பட்டால் உள்ளே லெக்கின்ஸும் இருக்கின்றன. ஆட்டத்துக்கு அது தடையே இல்லை. இரண்டாவதற்கு நான் பதில் சொல்வதில்லை. முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது.

முழங்கால் லிகமென்ட் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம். இடுப்பின் அமைப்பு, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்குவது, தொடைத் தசையின் பலம் என்று பல காரணங்கள். கிழிந்தால் அறுவை சிகிச்சை, அப்புறம் எட்டு ஒன்பது மாதம் வெளியே. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அதோடு ஆட்டமே முடிந்துவிடும். ஆனால் இதைத் தடுக்கப் பணம் தேவையில்லை. உலகக் கால்பந்துச் சம்மேளனம் 'பதினொன்று பிளஸ்' என்று ஓர் உடல் சூடேற்றும் முறையை வகுத்திருக்கிறது. இருபது நிமிடம். ஓட்டம், ஒற்றைக்காலில் நிற்பது, சரியாகக் குதித்து இறங்குவது, தொடையின் பின்தசைக்கு வலுவூட்டுவது. பந்து தவிர ஒரு சாமானும் வேண்டாம். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் என்ன செய்கிறோம்? கிரவுண்டை நாலு சுற்று ஓடச் சொல்லிவிட்டு நேராக ஆட்டத்துக்கு விடுகிறோம். இங்கே வந்திருக்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் நாளைக்கே இதைத் தொடங்கலாம்.

அடுத்தது ரத்தம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் எழுபதாவது நிமிடம் ஒரு பிள்ளை நின்றுவிட்டால் 'ஸ்டாமினா இல்லை' என்று திட்டுகிறோம். அவளுக்கு ஹீமோகுளோபின் ஒன்பது இருக்கும். சீசன் தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அணியையே கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. கம்பு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, நிலக்கடலை என்று நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே வழி இருக்கிறது. போட்டிக்குப் போகும்போது கொடுக்கிற டி.ஏ. பணத்தில் பரோட்டா வாங்கிக் கொடுத்து ஆடவிடுவதை முதலில் நிறுத்த வேண்டும். மாதவிடாய் நாட்களில் யாருக்கு எவ்வளவு வலி, யாருக்கு ஓய்வு வேண்டும் என்று பிள்ளைகள் கூச்சமில்லாமல் சொல்கிற நிலையைப் பயிற்சியாளர்தான் உண்டாக்க வேண்டும். கிரவுண்டுக்குப் பக்கத்தில் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள ஒரு கழிப்பறை வேண்டும். கோல் கம்பத்துக்கு முன்னால் நான் அதைத்தான் கேட்பேன்.

இவ்வளவும் செய்து ஆளாக்கின பிள்ளை என்ன ஆவாள்? இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் காக்கி போட்டுச் சாலையில் நின்றார்; ஊரடங்கு முடிந்ததும் நீலச் சட்டை போட்டு இந்தியாவுக்கு ஆடினார். இது ஒரு அம்மாவுக்குப் புரிகிற பதில். ரயில்வே, போலீஸ், எல்லைக் காவல் படை, உடற்கல்வி ஆசிரியர் வேலை என்று வழிகள் இருக்கின்றன. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. எந்தச் சான்றிதழ் செல்லும், எந்தப் போட்டி எந்தத் தரம் என்ற விவரத்தைப் பயிற்சியாளர் விரல்நுனியில் வைத்திருக்க வேண்டும். பிள்ளை வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பேசும்போது அந்த விவரம்தான் பேசும்.

பயிற்சியாளரின் வாழ்க்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-22 பருவத்தில் சேது அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் டார்ஜிலிங் பக்கத்து கிறிஸ்பின் சேத்ரி. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம்வரை சேதுவும் கேரளத்துக் கோகுலமும் சமப் புள்ளியில் நின்றன. புவனேஸ்வரில் நடந்த கடைசி ஆட்டத்தில் கோகுலம் 3-1 என்று வென்று பட்டத்தைக் கொண்டுபோனது. சேத்ரி அங்கிருந்து ஒடிஷா போனார், 2023-24-ல் லீக் பட்டம் வாங்கினார், பிறகு இந்திய அணியின் பொறுப்புக்கு வந்தார். 2025 ஜூலை 5-ல் சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச் சுற்று வழியாக முதன்முறையாக இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். காரியாபட்டிப் பக்கத்துக் கல்லூரி அணியில் வேலை பார்த்த பயிற்சியாளர் போய்ச் சேர்ந்த இடம் அது. இதில் எனக்குப் பெருமையும் உண்டு, ஆதங்கமும் உண்டு. நம் கல்லூரிகள் பயிற்சியாளரை ஒரு சீசனுக்கு ஒப்பந்தத்தில் வைத்து, போட்டி முடிந்ததும் அனுப்பிவிடுகின்றன. அடுத்த வருடம் வேறொருவர் வந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். நட்ட மூன்றாம் வருடம்தான் ஏலம் நல்ல காய்ப்புக்கு வரும் என்று தெரிந்த ஊர் இது. முதல் வருடமே காய்க்கவில்லை என்று செடியை யாரும் பிடுங்குவதில்லை. அணிக்கும் அந்தப் பொறுமையைக் கொடுங்கள்.

என் கோரிக்கை பெரியதில்லை. போடியில் கல்லூரிகள் இருக்கின்றன. ஏல விவசாயிகள் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. பெரியகுளத்தில் பெண்கள் கல்லூரி இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று இருபத்தைந்து கட்டில் உள்ள விளையாட்டு விடுதி ஒன்றைப் பெண்பிள்ளைகளுக்காகத் திறக்கட்டும். முறையான பயிற்சியாளர் உரிமம் பெற்ற ஒரு பெண்ணைச் சம்பளத்தோடு பத்து வருடத்துக்கு வேலைக்கு வைக்கட்டும். சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்க்கட்டும். செலவுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். இந்த ஊரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. சீசனில் ஒரே நாளில் பல்லாயிரம் கிலோ கைமாறுகிறது. வாங்குகிறவரும் விற்கிறவரும் மனமொத்து, கிலோவுக்குப் பத்து பைசா இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள். அந்தக் காய்களைக் குனிந்து எடுத்தவர்கள் இவர்களுடைய அம்மாக்கள்தான்.

தோட்டக்காரர்கள் சங்கத்தார் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இந்தக் கூட்டம் கலைவதற்குள் இதற்கென்று ஒரு குழுவின் உறுப்பினர் பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். ஜீப்பில் போகிற ஒரு தாயாவது அதில் இருக்கட்டும்.